வரத்தும் திறப்பும்

டெல்டாவில் செய்தித்தாள் வாங்குகிற வீடுகளில் முதலில் தேடப்படும் செய்தி மிகச் சிறியது. உள்பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். மேட்டூர் அணை நீர்மட்டம் இத்தனை அடி, நீர் இருப்பு இத்தனை டிஎம்சி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி. நான்கே எண்கள். தண்ணீர் ஓடும் மாதங்களில் அதன் கீழே இன்னொரு வரி சேரும்: கல்லணையிலிருந்து காவிரிக்கு எவ்வளவு, வெண்ணாற்றுக்கு எவ்வளவு, கல்லணைக் கால்வாய்க்கும் கொள்ளிடத்துக்கும் எவ்வளவு. காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற கும்பகோணத்துக்கு மேட்டூர் கண்ணுக்கெட்டாத தூரம். ஆனாலும் அந்தத் தேக்கம் நேற்று ஏறியதா இறங்கியதா என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

கட்டுப்பாட்டு அறைகளில் வேலை பார்த்தவன் நான். டிரெண்ட் என்று நாங்கள் சொல்வது கணினித் திரையில் ஓடும் கோடுகளை. ஆலையின் அழுத்தம், வெப்பம், ஓட்டம், மட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். இடமிருந்து வலமாகக் காலம். ஆலையைத் தொலைவிலிருந்து கண்காணித்து இயக்கும் ஸ்காடா மென்பொருள் எதை எடுத்தாலும் அதில் இருக்கிற அம்சம் இது. பலர் இதை அழகுக்கு வைத்த படமாக நினைக்கிறார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து யாராவது வந்தால் பெரிய திரையில் போட்டுக் காட்டுவார்கள். எனக்கு இந்தக் கோடுகள்தான் ஆலையே. அவற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டது எங்கே என்று யோசித்தால், எந்தப் பயிற்சி வகுப்புக்கும் முன்னால் என் பெரியப்பாவின் டைரிதான் நினைவுக்கு வருகிறது.

திருமலைராஜன் ஆற்றுப் பாசனத்தில் எங்கள் நிலம். உரக்கடையில் வருடா வருடம் இனாமாகக் கொடுக்கும் டைரியில் பெரியப்பா ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நான்கு கட்டம் போட்டுக்கொள்வார். மட்டம், வரத்து, திறப்பு, நம்ம வாய்க்கால். முதல் மூன்றும் பேப்பரைப் பார்த்து எழுதுவது. நான்காவது அவரே போய்ப் பார்த்து எழுதுவது. அதில் அளவு எதுவும் இராது. வாய்க்கால் தலைப்பு மதகின் கருங்கல் வரிசையில் எதுவரை நனைந்திருக்கிறது என்பதைத்தான் குறிப்பார்: ‘ரெண்டு வரிசை’, ‘ரெண்டரை, கலங்கல்’, ‘மூணு, தெளிவு’. கலங்கல் என்றால் மேலே புதுத்தண்ணீர் வந்திருக்கிறது. தெளிவாக ஓடினால் வருவது குறையப்போகிறது. இது அவர் கணக்கு.

ஆண்டுதோறும் ஜூன் பிறந்ததும் வரத்திலிருந்து திறப்பைக் கழித்து, வந்ததை 11,574-ஆல் வகுப்பார். ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. பொதுப்பணித்துறைக்காரர்களுக்கு இந்த எண் தலைகீழ்ப் பாடம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெரியப்பாவுக்கும் அப்படித்தான். பேப்பரில் மட்டம் ஏறியிருக்கிறது என்று நான் சந்தோஷமாகச் சொன்னால், “மட்டத்த வுடுடா. அது நேத்திக்கு நடந்தது. வரத்தும் திறப்பும் எப்புடி இருக்குன்னு சொல்லு” என்பார். வரத்து திறப்பைவிடக் குறைந்து நாலு நாள் ஆகியிருந்தால், மட்டம் இன்னும் நூறு அடிக்கு மேல் நின்றாலும், நாற்றங்காலுக்குக் கூடுதலாக விதை விடவேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

நான் பின்னாளில் ஒரு எரிவாயு மின்நிலையத்துக்குப் போனேன். காவிரிப் படுகை எரிவாயுவில் ஓடுகிறவை டெல்டாவுக்குள்ளேயே குத்தாலம், கோவில்களப்பால் என்று இருக்கின்றன. நான் போனது வேறோர் இடம். அப்போது அங்கே கணினித் திரையும் உண்டு, பழைய சார்ட் ரெக்கார்டர்களும் உண்டு. பலகையில் பதித்த பெட்டிக்குள் காகிதச் சுருள் மெல்ல நகரும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பேனா. பேனாக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அவற்றைக் கொஞ்சம் முன்பின்னாக வைத்திருப்பார்கள். அதனால் ஒரே நேரத்தில் நடந்த இரண்டு விஷயங்கள் காகிதத்தில் சற்றுத் தள்ளித் தள்ளி விழும். எந்தப் பேனா எவ்வளவு பின்தங்கி எழுதுகிறது என்று தெரியாதவன் காரணத்தைக் காரியம் என்பான், காரியத்தைக் காரணம் என்பான். மை காய்ந்து பேனா எழுதாமல் விட்டுவிட்ட இடங்களும் இருக்கும். ஆனால் அந்தக் காகிதத்தில் ஒரு செல்வம் இருந்தது. ஷிஃப்டில் இருப்பவர் கோட்டின் ஓரத்திலேயே பேனாவால் எழுதிவைப்பார்: ‘2.10, ஆயில் பம்ப் மாற்றியது’, ‘மழை’, ‘கேஸ் அழுத்தம் குறைவு, போனில் சொன்னது’. கோடும் அதன் காரணமும் ஒரே தாளில். புதிய மென்பொருள்களிலும் குறிப்பு எழுத வழி உண்டு. நான் பார்த்த வரையில் எழுதுகிறவர்கள் குறைவு. இதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன். ஏன் வளைந்தது என்று சொல்ல ஆள் இல்லாத கோடு ஆறு மாதம் கழித்து யாருக்கும் பயன்படாது.

கோட்டைப் படிப்பதில் முதல் கேள்வி, எவ்வளவு காலத்தை விரித்துப் பார்ப்பது என்பதுதான். இதற்கு நல்ல உதாரணம் கேஸ் டர்பைன். வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்தித்தான் அது எரியூட்டுகிறது. டெல்டாவின் காற்றில் அறுவடைக் காலத்துத் தூசு, வைக்கோல் பொடி, கடற்பக்கத்து உப்பு எல்லாம் கலந்து வரும். வடிகட்டிகளைத் தாண்டியும் கொஞ்சம் உள்ளே போய்க் கம்ப்ரசர் இதழ்களில் படியும். படியப் படிய இயந்திரம் தரும் மின்சாரம் குறையும். ஒரு மணி நேர டிரெண்டில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கோடு படுத்துக் கிடக்கும். ஒரு நாளுக்கு விரித்தால் வேறொன்று தெரியும்: விடியற்காலைக் குளிர்ச்சியில் உற்பத்தி ஏறி, மத்தியான வெயிலில் இறங்கி, இரவில் மறுபடி ஏறும் அலை. வெயில் கூடினால் காற்று லேசாகும், டர்பைன் இளைக்கும், அது இயல்பு. இரண்டு மாதத்துக்கு விரித்தால்தான் அந்த அலைகளெல்லாம் ஒன்றுசேர்ந்து மெல்ல மெல்லச் சரிவது தெரியும். இயந்திரத்தை நிறுத்திக் கம்ப்ரசரைக் கழுவிய நாளில் கோடு சட்டென்று பழைய உயரத்துக்கு ஏறியிருக்கும். பிறகு மீண்டும் சரிவு. மூன்றும் ஒரே கோடுதான், ஒரே கருவி அனுப்பிய எண்கள்தான். ஒரு மணி நேரம் மட்டும் பார்க்கிறவனுக்கு ‘எல்லாம் சரி’. இரண்டு மாதத்தைப் பார்க்கிறவனுக்கு அடுத்த கழுவல் எப்போது என்று தெரியும்.

அடுத்தது, நிமிர்ந்த அச்சில் எவ்வளவு உயரம் கொடுப்பது. மென்பொருளைத் தானே அளவெடுத்துக்கொள்ளும்படி விட்டுவிட்டால், பேரிங் வெப்பம் 61.2-லிருந்து 61.6-க்குப் போனதை ஒரு மலையாக வரைந்துவிடும். புதிதாக வந்த பையன் பதறுவான். அதையே பூஜ்யம் முதல் நூற்றைம்பது வரை என்று நிரந்தரமாக வைத்தால், ஒரு வாரத்தில் எட்டு டிகிரி ஏறியது ஒரு முடி அளவு சாய்வாகத்தான் தெரியும், யாரும் பதறமாட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் அந்த இயந்திரத்துக்கு எது இயல்பான ஆட்டம் என்று தெரிந்து அளவு வைப்பது ஓர் அறிவு. 1924-இல் அமெரிக்காவில் வால்டர் ஷூவார்ட் தொழிற்சாலைகளுக்காகக் கட்டுப்பாட்டு வரைபடத்தை உருவாக்கியது இந்த அறிவுக்கு ஒரு முறையை வகுக்கத்தான். எந்தச் செயலுக்கும் தனக்கேயான ஆட்டம் உண்டு, அதைத் துரத்தாதே. எல்லையைத் தாண்டினாலோ, எல்லைக்குள்ளேயே இருந்தாலும் சராசரிக்கு ஒரே பக்கமாகத் தொடர்ந்து எட்டுப் புள்ளி விழுந்தாலோ காரணத்தைத் தேடு என்பது அந்த மரபிலிருந்து தொழிற்சாலைகளில் நிலைத்த வழக்கம். புள்ளியியலாளர் மகலனோபிஸ் அழைத்து 1947-48-இல் ஷூவார்ட் இந்தியாவுக்கு வந்துபோனார். நம் தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாடு வேர்விட்டதில் அந்த வருகைக்குப் பங்குண்டு.

ஓர் எச்சரிக்கையை எங்கள் அறையில் மூத்த ஆபரேட்டர் ஒருவர்தான் சொல்லிக்கொடுத்தார். “தம்பி, ஆடுற கோட்டப் பாத்துப் பயப்படாதீங்க. ஆடாத கோட்டப் பாத்துப் பயப்படுங்க.” உயிருள்ள எந்த அளவும் கொஞ்சம் நடுங்கிக்கொண்டேயிருக்கும். நீராவி அழுத்தமோ எண்ணெய் மட்டமோ அளவுகோல் வைத்து வரைந்த மாதிரி நேராக ஓடினால் கருவிக்குப் போகும் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது கருவி கடைசி எண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. இன்னொரு காரணமும் உண்டு. பல ஆண்டுத் தரவைச் சேமிக்கிற ஹிஸ்டாரியன் மென்பொருள் இடத்தை மிச்சம்பிடிக்கச் சின்னச் சின்ன மாற்றங்களைப் பதியாமல் தள்ளிவிடும். தள்ளும் வரம்பை யாரோ ஒருவர் ஆலை தொடங்கிய காலத்தில் வைத்துவிட்டுப் போயிருப்பார். பத்து வருஷம் கழித்து விபத்துக்குக் காரணம் தேடும்போது அந்த நடுக்கம் இருந்ததா என்பதே தெரியாமல் போகும்.

இவ்வளவும் ஒரு கோட்டைப் படிப்பது பற்றியது. ஆனால் ஆலைகளில் பெரிய உயிரிழப்புகள் நடந்த இடங்களைப் பார்த்தால், ஒரு கோட்டைத் தவறாகப் படித்ததைவிட, சேர்த்துப் பார்க்கவேண்டிய இரண்டு கோடுகள் சேராமல் கிடந்ததே எனக்கு உறுத்துகிறது. 2005 மார்ச் 23 அன்று டெக்சாஸ் சிட்டியில் பிபி நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நடந்தது அது. 170 அடி உயரக் கோபுரம் ஒன்றை நிறுத்திவைத்திருந்து மறுபடி ஓட்டத் தொடங்குகிறார்கள். உள்ளே திரவம் போய்க்கொண்டிருக்கிறது. வெளியே போகும் வழி மூன்று மணி நேரத்துக்கு மேல் மூடியே இருந்தது. மட்டம் காட்டும் கருவியோ கோபுரத்தின் அடியில் பத்தடிக்குள் அளக்கும்படி அமைக்கப்பட்டது. திரவம் அதைத் தாண்டி மேலே மேலே ஏற, கருவி தவறாக, மட்டம் மெல்ல இறங்குவதாகக் காட்டிக்கொண்டிருந்தது. தனியாக வைத்த உயர்மட்ட அலாரம் அடிக்கவில்லை. கடைசியில் திரவம் 158 அடி வரை ஏறி, பாதுகாப்பு வால்வுகள் வழியாகப் பொங்கி, தீப்பற்றி வெடித்தது. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள்.

அமெரிக்காவின் வேதிப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து வெளியிட்ட அறிக்கையில் ஒரு விஷயத்தை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். உள்ளே போகும் ஓட்டம் ஒரு திரையிலும் வெளியே வரும் ஓட்டம் வேறொரு திரையிலும் இருந்தன. இரண்டையும் கழித்து மிச்சம் எங்கே போகிறது என்று காட்டும் கணக்கு எந்தத் திரையிலும் இல்லை. அந்தப் பலகையில் இருந்த ஆபரேட்டர் 29 நாள் விடுப்பே இல்லாமல் தினமும் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்தவர். மூன்று பிரிவுகளை ஒருவராகவே கவனித்துக்கொண்டிருந்தார். மட்டம் சொன்ன பொய்யை அவர் நம்பினார். வரத்தையும் திறப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால், மட்டம் என்ன சொன்னாலும், இவ்வளவு உள்ளே போய் ஒன்றும் வெளியே வராதபோது இறங்குவது எப்படி என்று தூக்கக் கலக்கத்திலும் கேட்டிருப்பார். உலகின் மிகப் பணக்கார நிறுவனங்களில் ஒன்றின் திரையில் இல்லாதது நம் ஊர்ச் செய்தித்தாள் பெட்டியில் பல தலைமுறையாக இருக்கிறது. டெல்டாவின் அறிவு என்று நான் எண்ணிப் பெருமைப்படுவது இதைத்தான். ஏரியில் எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று கேட்கப் பழகிய மக்கள் நாங்கள்.

கேட்கப் பழகியும் 2023-இல் குறுவை கருகியது. அந்த ஆண்டு ஜூன் 12 அன்று, வழக்கமான தேதியில், மேட்டூர் திறக்கப்பட்டது. மட்டம் 103 அடி. இருப்பு ஏறத்தாழ 69 டிஎம்சி. முழுக் கொள்ளளவு 120 அடிக்கு 93.47 டிஎம்சி என்பதால் இது நல்ல இருப்பாகவே தோன்றும். ஆனால் திறப்பு பத்தாயிரம் கன அடி என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 0.86 டிஎம்சி. வரத்தோ பல நாட்கள் சில நூறு கன அடி. அடியில் கிடக்கும், எடுக்க முடியாத நீரைக்கூடக் கழிக்காமல் வகுத்தால் எண்பது நாள் கணக்கு வருகிறது. குறுவைக்கு வேண்டியது நூறு நாளுக்கு மேல். அதாவது மேற்கே தென்மேற்குப் பருவமழை கொட்டி, கர்நாடகத்து அணைகள் நிரம்பி, தண்ணீர் வந்தால்தான் பயிர் கரையேறும் என்பது திறந்த அன்றே கோட்டில் இருந்தது. மழை பொய்த்தது. அக்டோபர் 10 அன்று அணை மூடப்பட்டபோது மட்டம் சுமார் 30 அடி. திறந்தது தவறு என்று நான் சொல்லவில்லை. ஜூனில் திறக்காவிட்டால் குறுவையே இல்லை. மழை வரும் என்ற நம்பிக்கையில்தான் உழவு தொடங்குகிறது. ஆனால் இந்த எண்பது நாள் கணக்கை மாவட்டத்துக்கு மாவட்டம் பலகையில் எழுதிவைத்திருக்கலாம். நடுவதா, நேரடியாக விதைப்பதா, பாதி நிலத்தைச் சம்பாவுக்கு விட்டுவைப்பதா என்று ஒவ்வொருவரும் முடிவெடுக்க அது போதும்.

பலரைக் குழப்புவது இன்னொன்று. ஒரே அளவு திறந்தாலும், மேலே நிதானமாக இறங்கும் மட்டம் கீழே போகப் போகத் தடதடவென்று இறங்கும். யாரோ அதிகமாகத் திறந்துவிட்டார்கள் என்று பேச்சு வரும். உண்மையில் தேக்கம் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருக்கிறது. 120 அடிக்கும் 100 அடிக்கும் நடுவில் கிட்டத்தட்ட 28 டிஎம்சி நிற்கும். 50-க்கும் 30-க்கும் நடுவில் நிற்பது பத்து டிஎம்சி அளவுதான். வரத்தே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஒரே பத்தாயிரம் கன அடித் திறப்புக்கு மேலே நாளுக்கு அரை அடி சொச்சம் இறங்கும், கீழே ஒன்றரை அடிக்கும் மேல் இறங்கும். அடியில் வரைந்த கோட்டையும் டிஎம்சியில் வரைந்த கோட்டையும் பக்கத்தில் வைத்தால் யார்மீதும் சந்தேகம் வராது. எந்த அலகில் வரைவது என்பதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது.

காவிரி வழக்கின் தீர்ப்பும் ஒரு கோடுதான். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், நடுவர் மன்றம் 2007-இல் சொன்ன 192 டிஎம்சியைக் குறைத்து, மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தமிழ்நாட்டுக்கு வந்துசேர வேண்டும் என்றது. மாதவாரியாகப் பார்த்தால் ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று ஏறி, செப்டம்பரில் 36.76, அக்டோபரில் 20.22 என்று இறங்கி, பிப்ரவரியிலிருந்து மே வரை மாதத்துக்கு இரண்டரை. ஆலைக்காரன் பாஷையில் இது செட்பாயின்ட், அதாவது எட்டவேண்டிய அளவு. மத்திய நீர் ஆணையம் பிலிகுண்டுலுவில் அளப்பது அசல் அளவு. செட்பாயின்ட் கோட்டுக்கும் அசல் கோட்டுக்கும் நடுவில் இருக்கிற பரப்புதான் இரண்டு மாநிலங்களின் சண்டை. 2023-24 நீராண்டில் அசல் கோடு செட்பாயின்ட்டில் பாதியைக்கூட எட்டவில்லை. தீர்ப்பு வந்த ஆண்டிலேயோ வெள்ளம். ஜூலையில் மேட்டூர் நிரம்பிவிட்டது. மழைக்குச் செட்பாயின்ட் வைக்க முடியாது என்பதால் பற்றாக்குறை ஆண்டில் எவ்வளவு விகிதத்தில் குறைப்பது என்பதுதான் இன்னும் தீராத கேள்வி. அதைத் தீர்ப்பதற்கும் ஆண்டு முடிவில் கூட்டிய மொத்தம் உதவாது. ஜூலை பதினைந்தாம் தேதி கோடு எந்தச் சாய்வில் இருந்தது என்பதே உதவும்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாளாகிறது. ஜூன் 12-இல் திறந்தால் கல்லணையை 15 அல்லது 16-இல் திறப்பார்கள். அங்கிருந்து கடைமடைக்குப் போக இன்னும் பல நாள். ஆலையில் ஒரு வால்வைத் திருகினால் அதன் பலன் தெரியச் சில விநாடியோ சில நிமிடமோ ஆகும். அந்தத் தாமதத்தையே பொறுக்காமல் மறுபடி திருகுகிறவர்களால்தான் திரையில் ரம்பப்பல் போல மேலும் கீழும் கோடு ஆடும். ஆட்டத்தின் அகலத்தைப் பார்த்தே ஷிஃப்டில் அவசரக்காரர் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். வாரக்கணக்கில் தாமதம் உள்ள ஆற்றில் இந்த அவசரம் எவ்வளவு சேதம் செய்யும்! கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்று மறியல், உடனே தலைப்பில் ஷட்டரைக் கூடுதலாகத் தூக்குகிறார்கள், அது போய்ச் சேரும் வேளையில் அங்கே வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்கிறது, நாற்று மூழ்குகிறது, இப்போது வடிய வைக்கச் சொல்லி மறியல். லஸ்கர்கள் மதகுக்கு மதகு இருந்து ஷட்டரை ஏற்றி இறக்கிய காலத்தில் இந்தத் தாமதம் அவர்கள் கையில் பழகியிருந்தது. எந்த ஆற்றில் எத்தனை திருகலுக்கு எங்கே எப்போது தண்ணீர் சேரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் பல ஊர்களில் காலியாகவே கிடக்க, அந்த அறிவும் அவர்களோடு வீட்டுக்குப் போய்விட்டது.

அளக்காததற்குக் கோடு கிடையாது என்பதையும் சொல்லவேண்டும். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில், கொள்ளிடத்தின் 45 மதகுகளில் ஒன்பது மதகுகளின் ஷட்டர்கள் இடிந்து ஆற்றோடு போயின. 1836-இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டியது. அந்த ஆகஸ்ட் முழுக்கக் கொள்ளிடத்தில் எத்தனை கன அடி போகிறது என்று தினமும் படித்தோம். தாங்கி நின்ற கட்டுமானத்தின் அடியில் மண் அரிக்கிறதா, தூண் அசைகிறதா என்று அதே பெட்டியில் ஒரு வரி வந்து நாங்கள் படித்ததில்லை. அணைக்கரை கீழணைக்கும் அதே வயது. வீராணத்துக்கு நீர் போவது அங்கிருந்துதான், வீராணத்திலிருந்து சென்னைக்குக் குடிநீர் போகிறது. அதன் தூண்களுக்கு ஒரு கோடு ஓடவேண்டும், அதைப் பார்க்க ஓர் ஆள் இருக்கவேண்டும் என்று கேட்பதில் மிகை எதுவும் இல்லை.

நெல் வயலைவிட்டு வெளியேறிய பிறகும் இதே கதை. நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரமானியை நெல்லில் செருகி ஓர் எண்ணைப் பார்க்கிறார்கள். 17 சதவீதத்துக்கு மேல் போனால் திருப்பி அனுப்பு. மழை பிடித்த ஐப்பசியில் களத்தில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கும் குவியலுக்கு அந்த ஒற்றை எண் என்ன சொல்லும்? நேற்று 22 இருந்து இன்று 19 ஆன நெல்லும், நேற்று 17 இருந்து நனைந்து இன்று 19 ஆன நெல்லும் ஒன்றல்ல. முதலாவது இரண்டு நாள் வெயிலில் தேறிவிடும், இரண்டாவது முளைக்கப்போகிறது. இன்றைய 19-ஐ மட்டும் வைத்து இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறோம். புழுங்கல் அரிசி ஆலைகளில் இதைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அறுபத்தைந்து எழுபது டிகிரி வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்தியில் காயவைக்கும்போது ஈரம் எவ்வளவு என்பதைவிட எந்த வேகத்தில் இறங்குகிறது என்பதையே கவனிப்பார்கள். ஒரே மூச்சில் காயவைத்தால் அரிசிக்குள் விரிசல் விழும். பாதியில் நிறுத்தி ஆறவிட்டு மறுபடி காயவைக்க வேண்டும். விரிசல் உலர்த்தியில் தெரியாது; அரைக்கும்போது குருணையாக வெளியே வரும். 1967-இல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி இப்போது தஞ்சாவூரில் தேசிய நிறுவனமாக நிற்கும் நிஃப்டெம் பாடம் நடத்துவதில் இதுவும் ஒன்று. அங்கே உள்ள அறிவில் ஒரு துளி கொள்முதல் நிலையத்துக்கு வரவேண்டும்: குவியல் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் அளந்து அட்டையில் எழுதிவைத்தால் போதும், கணினிகூட வேண்டாம்.

கர்நாடகத்தில் கிருஷ்ணா பாசனத்தின் நாராயண்பூர் இடதுகரைக் கால்வாயில் ஆயிரக்கணக்கான மதகுகளை ஸ்காடாவில் இணைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கூல்பர்ன் - மர்ரி பாசனத்தில் மதகுகள் தாமே பேசிக்கொண்டு ஏறி இறங்குகின்றன. டெல்டாவுக்கும் அது முழுமையாக வரும், வரட்டும். மனிதர் கையால் இருட்டில், வெள்ளத்தில், திருகிக்கொண்டிருக்கத் தேவையில்லை. என் கவலையெல்லாம் அந்தத் திரை எங்கே வைக்கப்படும், யார் பார்ப்பார்கள் என்பதில்தான். திருச்சியிலோ சென்னையிலோ குளிரூட்டிய அறையில் ஒரே ஒரு திரை வைத்து, அதில் மேட்டூர் முதல் கடல்வரை படம் வரைந்து, எண்கள் பச்சையில் மின்னினால் அது எதற்கும் போதாது.

நான் கேட்பது கொஞ்சம்தான். ஆற்று நீரைப் பிரித்துவிடும் ஒவ்வொரு ரெகுலேட்டருக்கும் ஒரு டிரெண்ட். திறக்கும்போதே பத்து நாளைக் காட்டவேண்டும், ஒரு மணி நேரத்தை அல்ல. அதில் மூன்று கோடு: அந்த ரெகுலேட்டருக்கு வந்த நீர், அதிலிருந்து பிரித்த நீர், அந்த ஆற்றின் கடைசி மதகில் நின்ற மட்டம். மூன்றாவது கோட்டைத் தாமத நாட்களுக்கு ஏற்ப முன்னுக்கு நகர்த்திப் பார்க்கும் வசதி. கருவி பழுதாகி நின்றுபோன எண்ணைக் கோடாக நீட்டாமல் இடைவெளியாகக் காட்டவேண்டும். ஷட்டரை ஏற்றியவர் ஏன் ஏற்றினார் என்று ஒரு வரி எழுதும் இடம். இவையனைத்தும் விவசாயியின் கைப்பேசியில், தமிழில், கடவுச்சொல் இல்லாமல். கூடவே ஒன்று: ரெகுலேட்டர்களில் கேஜ் படித்து எழுதிய பழைய பதிவேடுகள் பிரிவு அலுவலகங்களின் அலமாரிகளில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. பல பத்தாண்டுகளின் வரத்தும் திறப்பும் அவற்றில் இருக்கிறது. புதிய கருவிகளுக்கு டெண்டர் விடும் முன், இரண்டு ஆட்களை உட்காரவைத்து அந்தப் பக்கங்களைப் படமெடுத்து எண்களைக் கணினியில் ஏற்றவேண்டும். புதிய கோடு அந்தப் பழைய கோட்டின் முனையிலிருந்து தொடங்கட்டும்.